மூன்றாம் பிரிவேளை

அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால்
ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தான் தேசப்பன்.
மேலே மேலேயும் கீழே கீழேயும் கூட்டி
ஸ்கேல் வைத்துக் கோடும் போட்டிருந்தான்.
ரிஹானாவும் அப்படியே.
பார்த்து எழுதினார்கள் என்று நினைத்தேன்.
இருவரும் வேறு வேறு மூலை.
ஏழாம் வகுப்பு ஆ பிரிவில்
பதினொரு தாள்களில் அதே ஐந்தில் இரண்டு.

அரையை விடச் சின்னது அது.
கையில் இருப்பதோடு இன்னும் கொஞ்சம் போட்டால்
எப்படிக் குறையும் என்று கேட்டேன்.
"எங்க வூட்ல குறையும் மிஸ்" என்றாள் ஜெபசீலி.
வகுப்பு சிரித்தது. நானும்.
சிரித்திருக்கக் கூடாது.

சுற்றறிக்கை வந்தது:
மெல்லக் கற்போர் பட்டியல், மூன்று பிரதிகளில்.
மெல்ல.
கபடியில் ரிஹானா கோட்டைத் தொட்டுத் திரும்புவதை
அதை எழுதியவர் பார்த்ததில்லை.

மாலையில் சிறப்பு வகுப்பு வைத்தேன்.
தண்ணீர் லாரி வரும் நேரம்.
குடத்தோடு வரிசையில் நிற்க வேண்டிய பெண்கள்
ஜன்னலைப் பார்த்தபடி பதினேழாம் வாய்ப்பாடு சொன்னார்கள்.
அடுத்த தேர்வில்
பதினொன்று பதின்மூன்றானது.

வேறெதற்கோ ஒரு சனிக்கிழமை
வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன்.
ஜூலை முழுக்கச் சிவப்புப் புள்ளிகள்,
தாமதம் என்று நான் வைத்தவை.
அம்மை போட்ட மாதிரி அந்தப் பக்கம்.
பெயர்களைப் பார்த்தேன். பிறகு முகவரிகளை.
பதின்மூன்றில் பத்துப் பேர்
தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்.

முதல் பிரிவேளை கணக்கு.
ஜூலையில் பின்னம்.

செவ்வாய்க்கிழமை காலை
கொருக்குப்பேட்டை கேட்டில் போய் நின்றேன்.
கூட்ஸ் வண்டி.
நகரும், நிற்கும், ஏதோ மறந்ததுபோல்
இரண்டு பெட்டி பின்னுக்கு வரும்.
ஆட்டோக்கள் என்ஜினை அணைத்துவிட்டன.
எதிரே, சக்கரங்களின் இடைவெளியில்
என் வகுப்பின் செருப்புகள் தெரிந்தன.

கேட் திறந்ததும் ஓடி வந்த தேசப்பன்
என்னைக் கண்டு நின்றுவிட்டான்.
"அம்பத்தெட்டு பெட்டி மிஸ். நேத்து அம்பத்தொண்ணு."
"தெனமும் இப்படித்தானா?"
"இல்ல மிஸ், சில நாள் அடியில பூந்து வந்துருவோம்.
நீங்க புள்ளி வெப்பீங்கள்ல."

அன்று வகுப்பில்
சிவப்புப் பேனா கையில் நிற்கவில்லை.

"கேட்டை நாம தொறக்க முடியுமா டீச்சர்?"
என்றார் தலைமையாசிரியை.
முடியாது. கணக்கை நகர்த்தலாம்.
தமிழம்மா சண்டைக்கு வந்தார்:
"அப்ப என் ஆகுபெயரைக் காலி பெஞ்சுக்கா நடத்தறது?"
நியாயம்தான்.
கடைசியில் விளையாட்டு சார் தன் மூன்றாம் பிரிவேளையைத் தந்து
காலை மைதானத்தை எடுத்துக்கொண்டார்.
ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

முதல் நாள் பலகையில் அவர்களுடைய
ஐந்தில் இரண்டையே எழுதினேன்.
சுற்றறிக்கையின் மூன்றாம் பிரதி மேசையில் கிடந்தது.
நெடுக்கே ஒரு மடிப்பு, குறுக்கே இரண்டு.
பிரித்தால் ஆறு கட்டம்.
பாதிக்கு மூன்றைக் கிறுக்கினாள் ஜெபசீலி,
மூன்றில் ஒன்றுக்கு இன்னும் இரண்டை.
மிச்சம் ஒரே வெள்ளைக் கட்டம்.
அதில் முத்திரை இருந்தது.
"அய்யோ, இவ்ளோதானா" என்று
யாரோ பின்னாலிருந்து கோபமாகச் சொன்னது
இன்னும் காதில் இருக்கிறது.

அரையாண்டு முடிந்தது.
ஜெபசீலி ஐம்பத்திரண்டு.
ரிஹானா பாஸ்.
நான்கு பேர் அப்படியேதான் இருக்கிறார்கள்,
ஏன் என்று இன்னும் தெரியவில்லை.
கேட் வழக்கம்போல் சாத்துகிறது.

தேசப்பன் முப்பத்தொன்று. போன முறை ஒன்பது.
தாளைச் சுருட்டிப் பையில் திணிக்கிறவன்
அன்று மேசைக்கு வந்து விரித்து வைத்தான்.
"பாஸுக்கு நாலு வேணும்.
எங்க வுட்டேன் மிஸ்?"

பக்கம் பக்கமாகக் கூட்டினோம்.
அவன் விரலை மடக்கி, நான் வாய்விட்டு.
முப்பத்து மூன்று வந்தது.
மறுபடியும் கூட்டினோம். முப்பத்து மூன்று.
தப்பு என் கூட்டலில்.

அவன் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.
"அப்ப இன்னும் ரெண்டுதான்" என்றான்.